அன்றைக்குத் தெரிந்த அளவு

தஞ்சாவூர்
3 மார்ச் 2025

திரு. ரெமிஜியஸ் அவர்களுக்கு,

இன்று மார்ச் மூன்று, திங்கள்கிழமை, காலை ஒன்பது நாற்பது. நேற்று ஒரு நாளில் உங்களிடமிருந்து என் போனுக்கு வந்த அழைப்புகள் பதினேழு. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பதினெட்டாவது வராது, நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

உங்களை அத்தான் என்று கூப்பிடுவதை ஜனவரியிலேயே நிறுத்தியாயிற்று. அக்கா ரோஸ்லின் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று. கிறிஸ்துமஸ் மதியம், உங்கள் அண்ணன் தம்பிகள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில் அவளைக் கன்னத்தில் அறைந்தீர்கள். அவள் அப்படி என்ன சொன்னாள் என்று நீங்களும் சொல்லவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. நான் தோண்டிக் கேட்கவுமில்லை.

வேலை விஷயமாகத்தான் கூப்பிட்டீர்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குவது என் தலையெழுத்து. நீங்கள் நாகப்பட்டினம் பக்கம் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்கிறவர். நான் அந்த ஆலோசனைக்கு வேண்டிய அளவுகளை எல்லாம் சேர்த்துவைக்கும் டேட்டா கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். அம்மா இன்னும் அதை நெல் குடோன் என்றே நினைத்துக்கொண்டு, "எலி கிலி வருதாடா?" என்று கேட்கிறாள்.

சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸாப் வேண்டாம். அனுப்பிவிட்டு அழித்துவிடுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. அக்காவின் போனில் பார்த்தேன். வரிசையாக 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'.

ஆல்பின்


நாகப்பட்டினம்
6 மார்ச் 2025

மச்சான் ஆல்பினுக்கு,

நீ அத்தானை நிறுத்தினால் நிறுத்திக்கொள். நான் மச்சான் என்றுதான் எழுதுவேன்.

நேற்று சாம்பல் புதன். கோயிலுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் அந்தோணிமுத்து நின்றார். தெற்குவெளி கிராமத்து விவசாயி, உனக்குப் பெயர் தெரிந்திருக்கும். சாம்பல் பூசிக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்து, "சார், எங்க நாத்தங்கால்ல இதைவிட நல்ல சாம்பல் கிடக்கு, கொண்டாரவா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபாதர்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது.

காகிதத்தில் கேட்டாய், காகிதத்திலேயே வாங்கிக்கொள். போன ஆகஸ்டில் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேரவில்லை. சம்பாவுக்கு நாற்று விடும் காலம் தவறிக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீரை வைத்து நாற்று விடலாமா என்று தெற்குவெளியில் முப்பத்தெட்டு வீட்டார் என்னைக் கேட்டார்கள். ஊர் முழுவதற்கும் சேர்த்து உப்பு அளவு எடுக்கிற மாதிரி போர் அந்தோணிமுத்துவுடையது. ஆகஸ்ட் 24 காலை டேப்லெட்டில் பார்த்தேன். முந்தின நாள் எடுத்த உப்பு அளவு 1.4. மூன்றைத் தாண்டினால்தான் நாற்று தாங்காது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தாராளமாக விடுங்கள் என்றேன். முறை வைத்து ஒவ்வொருவராக விட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் முப்பத்தெட்டு நாற்றங்காலும் நுனியிலிருந்து கருகிப் போனது. வெளியூரில் நாற்று வாங்கிப் பின்னால் நட்டவர்களின் பயிரை நவம்பர் மழை மூழ்கடித்தது. மற்றவர்கள் நிலம் தரிசு.

இப்போது விசாரணைக் கமிட்டி ஓர் அறிக்கையை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறது. அதே போர், அதே ஆகஸ்ட் 23, உப்பு அளவு 4.9! அதைப் பார்த்துக்கொண்டே நான் 'விடுங்கள்' என்றேனாம். கமிட்டித் தலைவர் நாகநாதன் கேட்கிறார்: "கண்ணு தெரியலையா ரெமிஜியஸ், இல்ல டேப்லெட்டைத் தொறக்கவே இல்லையா?"

27-ஆம் தேதி கடைசி அமர்வு. வேலை போகும். அதோடு விடமாட்டார்கள். கம்பெனி தப்பித்துக்கொள்ள, குற்றவாளி இவன்தான் என்று கிராமத்துக்கு என் பெயரை எழுதிக் கொடுக்கும். அதற்கப்புறம் இந்த ஜில்லாவில் ஒரு வரப்பில் நான் கால் வைக்க முடியுமா?

அன்றைக்கு 1.4 இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். உன் கிடங்கில் அது இருக்கும். அந்த போர் சம்பந்தமாக என்னென்ன இருக்கிறதோ ஒன்று விடாமல் எடுத்துக் கொடு. உன் அக்காவுக்காகவாவது செய்.

ரெமிஜியஸ்


தஞ்சாவூர்
10 மார்ச் 2025

திரு. ரெமிஜியஸ்,

அக்காவை இதில் இழுக்காதீர்கள். இழுக்கிற உரிமையை நீங்களே கையை ஓங்கித் தொலைத்தீர்கள்.

கிடங்கு எப்படி வேலை செய்கிறது என்று ஜூலையில் எல்லா ஃபீல்டு ஆட்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். படித்திருக்கமாட்டீர்கள். திரும்பச் சொல்கிறேன். ஓர் அளவுக்கு இரண்டு தேதி. வயலில் அது எந்தத் தேதியின் உண்மை என்பது ஒன்று. அது நமக்கு எப்போது தெரியவந்தது என்பது இன்னொன்று. ஆகஸ்டில் எடுத்த அளவு தவறு என்று அக்டோபரில் தெரிந்தால், பழையதை அடித்துவிட்டு அதன் மேல் எழுத விடமாட்டேன். 'இது இன்ன நாள்வரை நம்பப்பட்டது' என்று பழைய வரியை மூடிவிட்டு, சரியானதைப் புது வரியாகக் கீழே சேர்ப்பேன். யார் சேர்த்தார், எத்தனை மணிக்கு, எல்லாம் கூடவே ஏறும்.

கமிட்டி கையில் இருப்பது மேலாளர்களுக்கான அறிக்கை. அது கடைசி வரியை மட்டும் காட்டும். அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். "ஒரு கேள்விக்கு ஒரு பதில் போதும்ப்பா, வரலாறெல்லாம் யாருக்கு வேணும்?" இது நாகநாதன் சாரே சொன்னது.

ஆக, நீங்கள் சொல்லும் 1.4 இருந்திருந்தால் இப்போதும் இருக்கும். ஆனால் விசாரணையில் இருக்கிற ஒருத்தர் வீட்டு முறையில் கேட்டார் என்று நான் கிடங்கைத் திறக்கமுடியாது. கமிட்டி எழுத்தில் கேட்டால் எடுப்பேன். நீங்கள் கேட்டால் எடுக்கமாட்டேன். இதற்கு மேல் உங்களுக்காக ஒரு விரலை அசைக்கவும் எனக்கு மனமில்லை. அதை மறைத்து நல்லவன் மாதிரி எழுத எனக்கு வராது.

ஆல்பின்


நாகப்பட்டினம்
13 மார்ச் 2025

ஆல்பின்,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை இப்போது.

ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு வரி, மேல் வரி, கீழ் வரி என்று எனக்குப் பாடம் நடத்துகிறாய். பூம்புகாரிலிருந்து வேதாரண்யம்வரை என் பைக் போகாத களிமண் பாதை ஒன்று கிடையாது. நீ கடைசியாக எப்போதடா சேற்றில் கால் வைத்தாய்? மழைக்கு உன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அது சேற்றில் இறங்கிய கணக்கில் வராது.

ஒரு அடி. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரே ஒரு அடி. பத்துப் பேர் முன்னால் வாய்த்துடுக்காகப் பேசினாள், கை போய்விட்டது. உன் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. அதை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கவேண்டாமா? அதையும் கிடங்கில் ஏற்றிப் பூட்டிவிட்டாயா?

இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. 1.4-ஐ 4.9 ஆக்கத் தெரிந்தவன், ஆக்க முடிந்தவன், ஆக்கக் காரணம் இருக்கிறவன் இந்தக் கம்பெனியில் ஒரே ஆள்தான். அக்காவுக்காக அத்தானைத் தீர்த்துக்கட்டிவிட்டாய். இதை அப்படியே எழுதி நாகநாதனுக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'ஆகஸ்ட் 24 அன்று தெரிந்திருந்த அளவு என்ன, அதை 4.9 ஆக்கியது யார்' என்று உன்னை எழுத்தில் கேட்கப்போகிறார். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது விரலை அசைப்பாய் அல்லவா?

ரெமிஜியஸ்


தஞ்சாவூர்
17 மார்ச் 2025

திரு. ரெமிஜியஸ்,

அசைத்தேன்.

நான் சொந்தப் பகைக்காக ஒரு எண்ணை மாற்றினேன் என்று என் மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் அதைவிடக் கேவலமான குற்றச்சாட்டு இல்லை. ஆபீஸில் இரண்டு நாளாக என் பக்கத்து சீட்டு வானதி என்னை டீ குடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. அந்தக் கோபத்தில்தான் திறந்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 23 மாலை ஆறு பத்துக்கு அந்தோணிமுத்துவின் போருக்கு 1.4 ஏறியிருக்கிறது. அக்டோபர் 11 அன்று அதை 4.9 ஆக்கியவர் நாகூர் நீர்ப் பரிசோதனைக்கூடத்து அப்துல் வஹாப். காரணமும் எழுதியிருக்கிறார். புரியாமல் அவருக்கே போன் போட்டேன்.

"அது ஒண்ணுமில்ல தம்பி," என்றார். "சீசனுக்கு மொதமொதல்ல மோட்டார் போட்டா, மொதக் குடம் தண்ணியை வெதநெல்லு மேல தெளிச்சுச் சிலுவை போடுறது அந்த ஊர் வழக்கம். மாதிரி எடுக்கப் போனவனுக்கும் மரியாதையா அந்தக் குடத்துலேர்ந்தே ஊத்திக் குடுத்துட்டாங்க. நம்ம கடலோரத்துல நல்ல தண்ணி மேல மெதக்கும், உப்பு அடியில கெடக்கும். மொதக் குடம் இளநியாட்டம் இருக்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் புடிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் வண்டவாளம்."

அக்டோபரில் அவர் ஒரு மணி நேரம் ஓடவிட்டு எடுத்திருக்கிறார். 4.9. ஆகஸ்ட் அளவுக்கும் அதுவே சரி என்று முறைப்படி திருத்தியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை, என் மேலும் இல்லை. ஆகஸ்ட் 24 அன்று உங்கள் டேப்லெட்டில் 1.4-தான் இருந்தது. நீங்கள் அதில் பொய் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் எதிர்பார்த்தபடி அங்கே இரண்டு வரி இல்லை. நான்கு இருக்கின்றன.

செப்டம்பர் 3, மாலை 4.52. அதே போர். 1.4 போய் 4.6 ஏறுகிறது. ஏற்றியவர்: ரெமிஜியஸ்.
அதே நாள், 5.01. 4.6 போய் மறுபடி 1.4. ஏற்றியவர்: ரெமிஜியஸ்.

டேப்லெட்டில் இருந்த பழைய செயலியில் திருத்தினால் முந்தையது மறைந்துவிடும். ஜூலையிலிருந்து மறையாது. சுற்றறிக்கையைப் படிக்காதது இங்கேதான் உங்கள் காலை வாரியிருக்கிறது.

நாற்று விட்ட தேதிகளும் கிடங்கில் இருக்கின்றன. செப்டம்பர் மூன்று மாலைவரை நாற்று விட்டிருந்தவர்கள் பதினோரு வீட்டார். மற்ற இருபத்தேழு பேர் அதற்குப் பிறகு, உங்கள் 1.4-ஐ நம்பி விட்டவர்கள்.

அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன நடந்தது?

ஆல்பின்


நாகப்பட்டினம்
20 மார்ச் 2025

மச்சான்,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே போக இரண்டு மணி நேரம் ஆனது.

அன்று மாலை அந்தோணிமுத்து வயலுக்குப் போயிருந்தேன். மோட்டார் மதியத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. "சார், நுனி லேசா செவக்குதே, பாருங்க," என்றார். உரக் கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவர் டீ வாங்கப் போனபோது மீட்டரை வைத்துப் பார்த்தேன். 4.6. கை தானாக அதை ஏற்றிவிட்டது. பயிற்சி அப்படி.

ஏற்றிவிட்டு வாய்க்கால் லஸ்கருக்குப் போன் போட்டேன். மதகு திறக்கிறவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? "நாளன்னிக்கு உங்க ஊருக்குத் தண்ணி வந்துரும் சார், நிம்மதியா தூங்குங்க," என்றார். எனக்குள் ஓடியது இதுதான்: இப்போது நிறுத்தச் சொன்னால், ஆரம்பிக்கச் சொன்னது யார் என்று முப்பத்தெட்டு பேரும் வந்து நிற்பார்கள். இரண்டே நாள். ஆற்றுத் தண்ணீர் வந்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி 1.4 என்று மாற்றினேன். அந்தோணிமுத்து டீயோடு வந்தார். குடித்தேன்.

தண்ணீர் பதினாலாம் தேதி வந்தது.

தினமும் காலையில் எழுந்து வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன், தெரியுமா? ஒரு நாள்கூட விடவில்லை. இதை நீ உன் கிடங்கில் எந்த வரியில் ஏற்றுவாய்?

இப்போது நான் கேட்பதைக் கவனமாகப் படி. கமிட்டி உன்னைக் கேட்டது இரண்டே கேள்வி. 24 அன்று தெரிந்தது என்ன? 1.4. 4.9 ஆக்கியது யார்? வஹாப். இரண்டுக்கும் நேர்மையான பதில் உன்னிடம் இருக்கிறது. அதைக் கொடு. ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காத செப்டம்பரை நீயாக ஏன் நீட்டவேண்டும்? நாகநாதனே ஒரு கேள்விக்கு ஒரு பதில் போதும் என்றவர்தானே?

என் வேலை போனால் ரோஸ்லினுக்கும் சேர்த்துத்தான் போகிறது. ஈஸ்டருக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். எல்லாம் புதிதாகத் தொடங்கட்டும். அந்த ஒன்பது நிமிடத்தை மட்டும் விட்டுவிடு, மச்சான். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

ரெமிஜியஸ்


தஞ்சாவூர்
24 மார்ச் 2025

திரு. ரெமிஜியஸ்,

காலில் எல்லாம் விழவேண்டாம். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு படித்தாள். முடித்துவிட்டு, மூன்று மாதமாக எங்களிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு இவரோட அண்ணன் தம்பிங்க அந்தோணிமுத்துவைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்கடா. உப்பு எது, நல்ல தண்ணி எதுன்னு தெரியாத ஆளுக்கு எதுக்கு வெவசாயம்னு. இவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு. எனக்குத் தாங்கல. 'நாலு புள்ளி ஆறுன்னு அன்னிக்கு வந்து என் மடியில படுத்து அழுதீங்களே, அதை இவங்ககிட்டயும் சொல்லுங்க'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

வாய்த்துடுக்கு என்று எழுதினீர்களே, அது இதுதானா? சாப்பாட்டில் உட்கார்ந்து நீங்கள் ஒரு தப்பான கணக்கைச் சொன்னீர்கள், அவள் திருத்தினாள், அடித்தீர்கள். டேப்லெட்டில் நீங்களே திருத்தினீர்கள், அதையும் அடித்தீர்கள்.

அதை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கவேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் திருந்தினால் அது புது வரியாகச் சேரும், நானே சேர்ப்பேன். கிறிஸ்துமஸ் மதியம் அதே இடத்தில் அப்படியே இருக்கும்.

கேட்டதற்கு மட்டும் பதில் கொடு என்கிறீர்கள். நான்கு நாளாக அதைத்தான் யோசித்தேன். சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. இரண்டு வரியைக் கொடுத்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லமுடியாது. நீங்கள் தப்பிப்பீர்கள், வேலை நிற்கும், அந்தோணிமுத்து 'என்ன ஆச்சோ தெரியல, கடவுள் விட்ட வழி' என்று போய்விடுவார். ஆனால் அந்த நான்கு வரியில் இரண்டை மட்டும் நான் பொறுக்கி எடுத்தால், அக்டோபரில் வஹாப் செய்த திருத்தத்தை யாராவது நாளைக்கு ஏன் நம்பவேண்டும்? ஆகஸ்ட் 24 அன்று நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள் என்பதையே ஏன் நம்பவேண்டும்? உங்களைக் காப்பாற்றுகிற வரியும் உங்களைப் பிடித்துக் கொடுக்கிற வரியும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கிழித்தால் மற்றதும் செல்லாது.

தினமும் வாய்க்காலைப் போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். போகிற வழியில் இருபத்தேழு வீடு இருந்தது. ஒரு கதவைத் தட்டி 'மோட்டாரை நிறுத்துங்கய்யா' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

இனி நான் செய்யப்போவது இவை. உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். பேரம் பேச இல்லை.

1. நாளைக் காலை நான்கு வரிகளையும், இரண்டு தேதிகளோடும் பெயர்களோடும், அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு நாகநாதன் சாரிடம் கொடுப்பேன். கேட்காததை ஏன் கொடுத்தாய் என்று கத்துவார். கத்தட்டும்.

2. மேலாளர் அறிக்கையில் 'அன்றைக்குத் தெரிந்தது' என்று ஒரு பத்தி சேர்ப்பேன். அது இல்லாததால்தான் உங்களைக் கண் தெரியாதவர் என்றார்கள். இனிமேல் எந்த ஃபீல்டு ஆளையும் அப்படிச் சொல்லமுடியாது.

3. செப்டம்பர் மூன்றுக்குப் பிறகு நாற்று விட்ட இருபத்தேழு பேரின் பெயர்ப்பட்டியலைத் தனியாகக் கமிட்டியிடம் கொடுத்து, அது தெற்குவெளிக்கும் போகவேண்டும் என்று எழுதுவேன். மறுத்தால் மறுத்ததையும் எழுத்தில் வாங்குவேன்.

4. உங்கள் கடிதங்களைக் கமிட்டிக்குக் கொடுக்கமாட்டேன். அவை எனக்கு எழுதியவை. லஸ்கர் சொன்னதை நீங்களே அங்கே சொல்லுங்கள். உங்கள் பக்கம் பேசுகிற ஒரே விஷயம் அது.

5. ஈஸ்டருக்கு வருவதாக எழுதியதைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். "வரட்டும், சாப்பிட்டுப் போகட்டும். நான் கிளம்புறேன்னு யாரு சொன்னா?" என்றாள். அன்று நான் வீட்டில்தான் இருப்பேன்.

6. 27-ஆம் தேதி அமர்வில், ரெமிஜியஸ் 4.9-ஐப் பார்த்துக்கொண்டே நாற்று விடச் சொன்னார் என்று எவராவது வாயெடுத்தால், முதல் ஆளாக எழுந்து அது பொய் என்று சொல்வேன். சொல்லிவிட்டு உட்காரமாட்டேன். நின்றபடியே செப்டம்பர் மூன்றையும் சொல்வேன்.

ஆல்பின்